மணியடிக்காத வண்டி

மேட்டுக்காட்டு வீடு,
கும்மிடிப்பூண்டி வழி,
3-2-1974

தம்பி பூவராகவனுக்கு அண்ணி கங்கம்மா எழுதுவது.

நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சௌக்கியம் இல்லை என்று எழுதினால் "அப்பவே சொன்னேனே, வித்துட்டு வாங்கன்னு" என்பாய். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். பசு ஈன்றிருக்கிறது. கிடேரிக் கன்று.

நீ மாட்டிக்கொடுத்த மணி ஒழுங்காக வேலை செய்கிறது. போன ஆடியில் பட்டப்பகலில் லாரி கொண்டுவந்து களத்திலிருந்த வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்களே, அப்போது நான் மோட்டார் கொட்டகையில்தான் இருந்தேன். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. அதைக் கேள்விப்பட்டு நீ வந்தாய். பேசாமல் வந்து, புளியமரத்து வளைவில் மண்ணுக்கடியில் ரப்பர் குழாயைப் பதித்து, வேலியோரமாக ஒயர் இழுத்து, அடுக்களையில் ஒன்றும் கொட்டகையில் ஒன்றுமாக மணி மாட்டி, பேசாமலே போனாய். உன் அண்ணன் கருமாதியன்று நாம் பேசிக்கொண்டதே ஆயுசுக்கும் போதும் என்று நினைத்தாய் போலிருக்கிறது. இருந்தாலும் மணி நல்ல மணி. மாட்டுவண்டி குழாய் மேல் ஏறினால் ஒரு தடவை அடிக்கிறது. நாலு சக்கர வண்டி என்றால் இரண்டு தடவை. வண்டி வாசலுக்கு வருவதற்குள் நான் தாழ்ப்பாள் போட்டிருப்பேன்.

இடம் போதவில்லை, இரண்டாவது கார்டில் தொடர்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று குறை சொல்லாதே. நம் வீட்டுக்குக் கவர் வந்தால் சாவுச் செய்தி, இல்லையென்றால் கோர்ட்டு நோட்டீஸ். மடியில் கனமில்லாதவனுக்குக் கார்டு போதும் என்று உன் அண்ணன் சொல்வார். அவர் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை.

விஷயம் இதுதான். தை பிறந்ததிலிருந்து ஒரு வண்டி வருகிறது. கல்கத்தா ரோட்டிலிருந்து மண்பாதையில் இறங்கி, இரட்டைப் பனையைத் தாண்டி, புளியமரத்து வளைவுக்கு ஒரு கயிற்று தூரம் முன்னால் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. நான் வண்டியைப் பார்க்கவில்லை. மணி அடிக்கவில்லை. மண்ணில் சக்கரத் தடம் மட்டும் இருக்கிறது. ஒரு முறை என்றால் வழி தவறி வந்தவன் என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கிறது. குழாய் மண்ணுக்கடியில் இருக்கிறது, எனக்கே தேடினால்தான் தெரியும். அது அங்கே இருப்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நீ யாரிடமாவது சொன்னாயா? கேட்கிறேன், அவ்வளவுதான்.

கங்கம்மா


அப்பாவு மெஸ்,
திருவள்ளூர்,
8-2-1974

அண்ணி அவர்களுக்கு பூவராகவனின் வணக்கம்.

உங்கள் இரண்டு கார்டும் கிடைத்தன. கன்று ஈன்றதில் சந்தோஷம்.

"கேட்கிறேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "அவ்வளவுதான்" என்னவென்று எனக்குப் புரியாமல் இல்லை. குழாய் எங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் வண்டி ரிப்பேர் ஷெட்டில் மணிக்கான டப்பாவைச் செய்தபோது, டயர் ஏறினால் குழாயில் காற்று தள்ளி, தகடு ஒட்டி, மணி அடிக்கும் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டினேன். இடத்தைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் எனக்கென்ன?

நீங்கள் கேட்டதால் நானும் கேட்கிறேன். ஆரணியிலிருந்து உங்கள் தம்பி மணவாளன் அம்பாசிடர் காரில் வந்து போவார். அவருக்கு அந்த இடம் தெரியாதா? நீங்களே காட்டியிருக்க மாட்டீர்களா? கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். ரோட்டோரத்து மேட்டு நிலத்துக்கு அலைகிறவர்கள் நிறைய. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒருவர் என் காதில் போட்டார்: "இன்னா பூவராகவா, உங்க அண்ணி ஆரணிக்காரங்களோட சேந்து கையெழுத்து போட்டுட்டாங்களாமே, உனக்குத் தெரியாதா?" பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

நிலம் உங்கள் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. ஒருவர் போட்டால் போதாது, இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். கருமாதியன்று நான் விற்கச் சொன்னது உண்மை. ஒற்றையாக அங்கே கிடக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். "என்னைத் துரத்தப் பார்க்கிறாயா" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டீர்கள். அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

தடம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். வண்டியைத் திருப்பும் இடத்தில் நாலு டயரும் தனித்தனியாக அச்சு விழும். அதைப் பார்த்துச் சொன்னால் என்ன வண்டி என்று நான் சொல்லிவிடுவேன்.

பூவராகவன்


மேட்டுக்காட்டு வீடு,
14-2-1974

தம்பி பூவராகவனுக்கு,

மணவாளன் அந்தக் காரைத் தீபாவளிக்கே விற்றுவிட்டான். இப்போது பஸ்ஸில்தான் வருகிறான், அதுவும் வருவதில்லை. அவன் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஆரணிக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம்.

தடத்தைப் பார்க்கச் சொன்னாய். நானும் காட்டுவேலைக்கு வரும் சின்னப்பொண்ணுவும் குனிந்து குனிந்து பார்த்தோம். மூன்று டயரில் பட்டை பட்டையாக ஆழமான அச்சு. பின்னால் இடது பக்கத்து டயர் மட்டும் மொட்டை. வழுவழுவென்று கோடு போட்ட மாதிரி போகிறது. காரை விட அகலம் குறைவு. ஜீப்பாக இருக்கலாம் என்று எனக்கே தோன்றுகிறது.

இன்னும் இருக்கிறது, கேள். முந்தாநாள் நான் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் நடந்து வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. மணி அடிக்கவில்லை, வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்துதான் வந்திருக்கிறான். தாழ்ப்பாள் போட நான் வீட்டுக்குள்ளேயே இல்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டு நிலத்தை ஒரு சுற்று பார்த்தான். பேர் கேட்டேன், வீரராகவன் என்றான். அப்புறம் ஆரம்பித்தான்.

"ஒத்தப் பொம்பளையா எப்படிம்மா இங்க காலம் தள்ளிக்கினு இருக்கே? சுத்தி ஃபேக்டரி வரப்போவுது. உன் கொழுந்தனாரு புத்திசாலி, கையெழுத்து போட்டுட்டாரு. நீயும் போட்டுட்டா டப்பு கைல வந்துடும், பேஜாரு உட்டுது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "என் கொழுந்தனாரு வாயால அதச் சொல்லட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் போன பிறகு சின்னப்பொண்ணு மேட்டுப் பக்கம் விறகு பொறுக்கப் போனவள் ஓடிவந்தாள். "அக்கா, முள்ளுப்புதர்ல சுண்ணாம்பு அடிச்ச முளக்குச்சி நட்டுக்கினு போயிருக்கானுங்க, வந்து பாரு." போய்ப் பார்த்தேன். நம் நிலத்தின் நாலு மூலையிலும் நட்டிருக்கிறார்கள். விற்காத நிலத்தை எவன் அளப்பான்?

நீ கையெழுத்துப் போட்டாயா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும்.

மணி முன்கூட்டியே அடிக்கட்டும் என்று குழாயைப் புளியமரத்து வளைவிலிருந்து எடுத்து இரட்டைப் பனைக்கு நடுவில் பதித்துவிட்டேன். நீ கொட்டகையில் விட்டுப் போன மிச்ச ஒயர் சரியாக இருந்தது. இது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கங்கம்மா


அப்பாவு மெஸ்,
திருவள்ளூர்,
19-2-1974

அண்ணி அவர்களுக்கு,

நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான்.

இப்போது நான் ஒன்று கேட்கலாமா? தண்ணீர் கேட்டு வந்தவன் பேச்சை நம்பி என்னைக் கேள்வி கேட்கிறீர்கள். என் காதில் விழுந்ததற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. மணவாளன் காரை விற்றுவிட்டான் என்று எழுதினீர்கள். நான் போடவில்லை என்று எழுதவில்லை. திரும்பப் படித்துப் பாருங்கள், அந்தச் சொல் உங்கள் கார்டில் எங்கேயும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பொன்னேரிக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் மேல் ஆள் வருகிறது. நீங்கள் போட்டு முடித்துவிட்டீர்கள், நான் மட்டும்தான் பாக்கி என்கிறார்கள். நான் போகமாட்டேன். ஆனால் நீங்கள் போடாமல் அவர்கள் இவ்வளவு தைரியமாக எப்படிப் பேசுவார்கள்? நெருப்பில்லாமல் புகையாது.

குழாயை நகர்த்தினீர்களே, அடைப்பு இருக்கிற முனை பாதையின் வடக்குப் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும்.

பூவராகவன்


மேட்டுக்காட்டு வீடு,
27-2-1974

பூவராகவனுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

இரட்டைப் பனையில் குழாய் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. நான் உனக்குப் பொய் எழுதினேன். குழாய் நீ பதித்த இடத்திலேயே, புளியமரத்து வளைவிலேயே இருக்கிறது, ஒரு சாண் கூட நகர்த்தவில்லை.

நேற்று வண்டி வந்தது. இத்தனை நாளும் இரட்டைப் பனையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்த அதே வண்டி, அதே மொட்டை டயர், நேற்று இரட்டைப் பனைக்கு இப்பால் வரவில்லை. பனைக்கு ரோட்டுப் பக்கமாக நின்று, திருப்பிக்கொண்டு போய்விட்டது. வெறும் மண்ணைப் பார்த்து ஒரு ஜீப் ஏன் பயப்பட வேண்டும்? பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அங்கே நிறுத்தியிருக்கிறான். அங்கே குழாய் இருப்பதாக நான் இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் எழுதினேன்.

சின்னப்பொண்ணுவுக்குக் கூடச் சொல்லவில்லை. அவளை வைத்துக்கொண்டு பனையடியில் ஒரு மண்வெட்டி கூடப் போடவில்லை. கார்டில் எழுதினேன், தபால்காரரிடம் என் கையால் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. டயர் அச்சு எப்படி இருக்கிறது என்று நீதான் கேட்டாய். என்ன வண்டி என்று சொல்லிவிடுவேன் என்றாய். மொட்டை டயர் வரைக்கும் எழுதினேன். உன் பதிலில் டயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. குழாய் முனை வடக்கே இருக்கட்டும் என்று புத்தி சொல்லத் தெரிந்தவனுக்கு டயர் எப்படி மறந்துபோகும்? வந்தவன் பேரையும் எழுதினேன். அவன் யார் என்று நீ கேட்கக்கூட இல்லை.

இந்த மணியை எனக்குக் காவலாகக் கட்டினாயா, என் மேல் காவலாகக் கட்டினாயா என்று யோசிக்கிறேன். கழற்றிப் பால் வண்டியில் திருப்பி அனுப்பலாமென்று நினைத்தேன். இந்த வண்டி விவகாரம் தீரும்வரைக்கும் எனக்கு அது வேண்டியிருக்கிறது, அதனால் அனுப்பவில்லை.

நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டாயே, எடுத்துக்கொள்.

பங்குனியில் உன் அண்ணன் முதல் திதி வருகிறது. நீ வர வேண்டாம்.

கங்கம்மா


திருவள்ளூர்,
3-3-1974

அண்ணி அவர்களுக்கு,

கவரைப் பார்த்து யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பீர்கள். யாரும் சாகவில்லை. இதைக் கார்டில் எழுத முடியாது, அதனால்தான் கவர்.

உங்கள் கார்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கோபத்தில் ஏதேதோ எழுதிக் கிழித்துப் போட்டேன். திதிக்கு வராதே என்று எழுதிவிட்டீர்கள். என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர். அப்புறம் கோபம் ஆறி, வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்கள் எழுதினீர்கள். நான் படித்தேன். நடுவில் அந்தக் கார்டு எங்கே இருந்தது?

தபால்காரர் மதியம் மெஸ்ஸுக்கு வருகிறார். நான் ஷெட்டிலிருந்து வருவது சாயங்காலம். அதுவரைக்கும் கார்டு அப்பாவுவின் கல்லாவுக்கு மேலே, சுவரில் கட்டியிருக்கிற கம்பியில் செருகியிருக்கும். அப்பாவு கெட்டவர் இல்லை. தனக்குப் படிக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்கிற ஆள். யாருடைய கார்டு வந்தாலும் இலை போட்டவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். கார்டுதானே, அதில் என்ன ரகசியம் என்பார். தை மாதத்தில் ஒரு நாள், "உங்க அண்ணி ஊட்டு மணி அடிக்கலியாமே, இன்னா நைனா ரிப்பேரு?" என்று என்னையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணி. புளியமரத்து வளைவில் மண் அரித்துக் குழாய் வெளியே தெரிகிறது என்று ஐப்பசி மழையின்போது நீங்கள் ஒரு கார்டு எழுதினீர்களே, அதையும் படித்திருப்பார். மடியில் கனமில்லை என்று நாம் கார்டில் எழுதினோம். இடம் ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

அங்கே மூலை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் வீரராகவன். நிலத் தரகு. நீங்கள் கையெழுத்துப் போட்டதாக என் காதில் போட்டதும் அவர்தான்.

இதற்குக் கீழே எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. எழுதிவிடுகிறேன். நீங்கள் மொட்டை டயர் என்று எழுதியவுடனே அது யார் ஜீப் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதே நான்தான். திருவள்ளூரில் எத்தனையோ ஷெட் இருக்க, அவர் என்னைத் தேடி வந்ததே நம் நிலத்துக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஜீப் உங்கள் வீட்டுக்கு வருகிறதென்றால் நீங்கள் கூப்பிட்டுத்தான் வருகிறது, என்னை நம்பவைக்க நாடகமாக எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீங்கள் இன்னும் என்னவெல்லாம் எழுதுகிறீர்கள் என்று பார்க்கலாம் என்றிருந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. இனி எனக்குக் கார்டு எழுத வேண்டாம். எழுதுவதென்றால் ஷெட் விலாசத்துக்குக் கவரில் எழுதுங்கள்.

பூவராகவன்


மேட்டுக்காட்டு வீடு,
9-3-1974

பூவராகவனுக்கு,

கவரைத் தபால்காரர் நீட்டியபோது நான் வாங்கவே இல்லை. சின்னப்பொண்ணுதான் வாங்கினாள். ஆரணியில் அம்மாதான் போய்விட்டாள் என்று நினைத்து அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அதற்காகவும் உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

நீ எழுதியதை நாலு முறை படித்தேன். நம்பலாம் போலிருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பொய்யாக இருந்தாலும் இப்படித்தானே எழுதுவாய்?

ஒரு யோசனை செய்தேன். குழாய் ஓரிடத்தில் இருக்கிறதென்று கார்டில் எழுதி மெஸ்ஸுக்கு அனுப்புவது, வேறிடத்தில் இருக்கிறதென்று கவரில் எழுதி ஷெட்டுக்கு அனுப்புவது. வண்டி எந்த இடத்துக்கு முன்னால் நிற்கிறதோ அதை வைத்து ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்து வற்றும்வரை யோசித்த பிறகுதான் புரிந்தது. நீ இரண்டையும் படிப்பாய். கள்ளன் நீயாக இருந்தால் கார்டில் எழுதிய இடத்திலேயே நிறுத்தச் சொல்லித் தப்பித்துக்கொள்வாய். எத்தனை குழாய் பதித்தாலும் உன் மனசு எனக்குத் தெரியப்போவதில்லை. எழுத்தில் இது தீராது.

ஆகையால் இப்படிச் செய். நீ சொல்வது நிஜமென்றால் அந்த வீரராகவனை அவன் ஜீப்பிலேயே என் வாசலுக்குக் கொண்டுவா. நடந்து வரக்கூடாது, வளைவில் நிற்கக்கூடாது. குழாய் மேல் ஏறி, மணியை அடித்துக்கொண்டு வர வேண்டும். உன் முன்னாலும் என் முன்னாலும் நின்று, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவன் சொல்லட்டும்.

முடியாதென்றால் பதில் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்கிறேன்.

கங்கம்மா


திருவள்ளூர்,
15-3-1974

அண்ணி அவர்களுக்கு,

ஜீப் ஷெட்டில்தான் நிற்கிறது. பிரேக் வேலை. வருகிற வியாழக்கிழமை டிரையல் பார்க்க வேண்டும். நான் கையெழுத்துப் போடச் சம்மதம் என்றும், அண்ணியிடம் நானே வந்து பேசுகிறேன் என்றும் வீரராகவனிடம் சொல்லியிருக்கிறேன். திதிக்கு வராதே என்று நீங்கள் எழுதிய கார்டையும் மெஸ்ஸில் கேட்டிருப்பார், நம்பிவிட்டார். மெஸ்ஸில் எனக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். தின்றேன், வேறு வழியில்லை.

மொட்டை டயரை மாற்றிவிட்டேன். ஆகவே தடத்தை வைத்து அடையாளம் பார்க்காதீர்கள்.

வண்டியை ஓட்டுவது நான். அவர் பக்கத்தில் இருப்பார். வளைவுக்கு முன்னால் நிறுத்தச் சொல்வார், நிறுத்தமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்குவதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். மணி அடித்தால் கதவைச் சாத்தாமல் இருங்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பூவராகவன்


மேட்டுக்காட்டு வீடு,
24-3-1974

தம்பி பூவராகவனுக்கு,

இது கார்டுதான். மூன்று கார்டு. மெஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அப்பாவு அண்ணாத்தே, கல்லாவில் உட்கார்ந்தபடி சத்தமாகவே படியுங்கள். மூலை பெஞ்சுக்கும் கேட்கட்டும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து நான் மோட்டார் போடவில்லை. பாத்தி காய்ந்தாலும் பரவாயில்லை என்று அடுக்களையிலேயே இருந்தேன். மணி அடித்தது. இரண்டு தடவை. தை மாதத்திலிருந்து அந்த வண்டிக்காகக் காத்திருந்த மணி அது, அடித்தவுடன் எழுந்து வாசலுக்கு வந்தேன். கதவைச் சாத்தவில்லை. நீ கேட்டுக்கொண்டதற்காகத்தான்.

நீ ஓட்டும் இடத்திலிருந்து இறங்கினாய். அவன் இந்தப் பக்கம் இறங்கி, உன் தோளில் கை போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தான். "தம்பி ஒத்துக்கினாரும்மா, இனிமே நீ இன்னா சொல்றே?" என்றான். நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது என் கையில் களைக்கொத்து இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதியதெல்லாம் அந்த நிமிஷம் என் நினைவில் இல்லை. இரண்டு பேரும் கூட்டாளிகள், என்னை முடித்துவிட வந்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது. களைக்கொத்தைப் பின்னால் மறைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். உன் முகம் மாறியதை நானும் பார்த்தேன்.

அப்புறம்தான் நீ வாய் திறந்தாய். "அண்ணி, நான் கையெழுத்து போட்டுட்டேன்னு இவரு உங்களாண்ட சொன்னாரா? என்னாண்ட நீங்க போட்டுட்டீங்கன்னு சொன்னாரு. இப்ப ரெண்டு பேரும் இங்க இருக்கோம். எது நெசம்னு இவரே சொல்லட்டும்."

அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தோல் பையைப் பார்த்தான். "அப்படியெல்லாம் சொல்லலியே, பேச்சுவாக்குல..." என்றான். "பேச்சுவாக்குல முளக்குச்சி நட்டியா?" என்று கேட்டாளே சின்னப்பொண்ணு, அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவனுக்கு முன்னாலேயே நாலு குச்சியையும் பிடுங்கிக்கொண்டுவந்து ஜீப்பில் போட்டாளே, பார்த்தாய் அல்லவா? நல்ல சவுக்குக் குச்சி. வைத்துக்கொண்டிருந்தால் இரண்டு நாள் அடுப்பு எரிந்திருக்கும்.

அவனை நடந்து போகச் சொல்லியிருக்கலாம். நடந்து வரத் தெரிந்தவன்தானே? வண்டி ஷெட் பொறுப்பில் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நீயே ஏற்றிக்கொண்டு போனாய். சோறு வடித்திருந்தேன். சாப்பிடு என்று நான் சொல்வதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. மணி மறுபடியும் இரண்டு தடவை அடித்தது. அந்தச் சோற்றை நானும் சின்னப்பொண்ணுவும் ராத்திரி வரை தின்றோம்.

களைக்கொத்துக்காக நான் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. யார் டயர் என்று தெரிந்தும் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். நான் களைக்கொத்தை எடுத்தேன். சரிக்குச் சரியாகப் போயிற்று. இனி ஒருவரை ஒருவர் சந்தேகப்படமாட்டோம் என்று எழுதினால் அது பொய். நானும் படுவேன், நீயும் படுவாய். படும்போது ஊர் வாயில் கேட்காமல் நேரில் வந்து கேள்.

திதி பங்குனிக் கடைசியில் வருகிறது. வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டேன். முந்தின நாளே வா. அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் உனக்கும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. குழாயை இடம் மாற்றிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே மாற்றிவிட்டேன். எங்கே என்று இந்தக் கார்டில் எழுதமாட்டேன், கவரிலும் எழுதமாட்டேன், நீ கேட்டாலும் சொல்லமாட்டேன். சைக்கிளில் வந்தாலும் அடிக்கிற மாதிரி மண்ணை மேலாகத்தான் மூடியிருக்கிறேன். நீ பாட்டுக்கு வா. மணி அடித்ததும் உலை வைக்கிறேன்.

அண்ணி கங்கம்மா